அளவு நோட்டு

ஜூலை 21, 2024, ஞாயிறு

அத்தையின் அளவு நோட்டுகளை இன்றைக்குத்தான் பரணிலிருந்து இறக்கினேன். பால் கணக்கு எழுதுவார்களே, அந்த மாதிரி நீள நோட்டுகள். தோள், கை நீளம், முன்கழுத்து, பின்கழுத்து, இடுப்புச் சுற்று என்று கோவில்பட்டிப் பெண்கள் பாதிப் பேரின் உடம்பு இதற்குள் இருக்கிறது. ஓரத்தில் அவள் சொந்தக் கணக்கு: சீட்டுக்குக் கட்டியது, கேஸ் சிலிண்டர் பதிந்தது, எதிர்வீட்டுப் பிள்ளைக்குச் சடங்கு, கீமோ. நாலும் ஒரே மையில், ஒரே அளவு எழுத்தில். கீமோவுக்கென்று தனியாக ஒரு கோடுகூட இல்லை.

2011ல் அவளுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. வலிக்கவில்லை. வலித்திருந்தால் எல்லோரும் சீக்கிரம் பதறியிருப்போம். உள்ளூரில் பார்த்த டாக்டர் காசநோய்தான் என்று சொல்லி மாத்திரை எழுதினார். மாதக்கணக்கில் விழுங்கியும் நெறி கரையாமல் கக்கத்துக்கும் இறங்கிய பிறகுதான் ஒரு கட்டியை எடுத்து திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஃபாலிகுலர் லிம்போமா. நிணநீர்க் கணுக்களில் வருகிற புற்றுநோய், மெதுவாக வளர்கிற ரகம். மருந்துக்கு அடங்கும், சில வருஷம் பதுங்கும், மறுபடி வரும். அத்தைக்கு அப்போது 46 வயது. 2022 கார்த்திகையில் போனாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் "கடைசி வரை போராடினாள்" என்றார்கள். அவள் இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பாள். ஒருமுறை என்னிடமே கேட்டிருக்கிறாள்: "நான் யாரு கூடட்டி சண்ட போட்டேன்? ஜாக்கெட்டுல்ல தச்சுக்கிட்டு இருந்தேன்."

ஜூலை 30, செவ்வாய்

அரசு ஆஸ்பத்திரி வாசலில் பெரிய கோலம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த நாள், மருத்துவமனை தினம். அவருடைய தங்கை 1923ல் புற்றுநோயால் இறந்தார். அந்தச் சாவை மனதில் வைத்திருந்து, 1954ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். நடுவில் 31 வருஷம். அடுத்த வருஷமே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா கடைசி வரை அங்கேயே இருந்துவிட்டார். 2021 ஜனவரியில் அவர் இறந்த செய்தி டிவியில் ஓடியபோது அத்தை மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். சாமி ஊர்வலம் தெருவில் போனால்கூட மிதியை விட்டுக் கால் எடுக்காதவள்.

அத்தைக்கு அடையாறு பயணம் என்றால் சந்தோஷம்தான், நம்பினால் நம்புங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் டிக்கெட் இலவசம், துணைக்குப் போகிறவருக்கு முக்கால்வாசி தள்ளுபடி. அந்தச் சலுகைக்கான சான்றிதழை அவள் "எமன் கையெழுத்துப் போட்ட பாஸு" என்பாள். ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். நர்சுகளுக்குக் கடலைமிட்டாய் பாக்கெட் எடுத்துக்கொள்வாள். ரத்தப் பரிசோதனை முடிவு வர நேரமாகும் என்றால் என்னை இழுத்துக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்விடுவாள். அங்கே உட்கார்ந்து கடலையா பார்ப்பாள்? நடைபயிற்சிக்கு வருகிற பெண்களின் ஜாக்கெட் பின்கழுத்தைப் பார்ப்பாள். சென்னையின் அந்த வருஷத்து மாடல் எங்கள் ஊருக்கு வந்த வழி அதுதான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு, ஆடி அமாவாசை

படையலில் அத்தைக்காக ஒரு கை சாத்தூர் சேவு வைத்தாள் அம்மா. கீமோ முடிந்து வந்தால் எதைத் தின்றாலும் இரும்பை நக்குவது போல் இருக்கிறது என்பாள் அத்தை. இந்தச் சேவின் காரம் மட்டும் நாக்கில் ஏறும். வாயெல்லாம் புண் என்பதால் ரசத்தில் ஊறவைத்துத் தின்பாள். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் வெளித்தீனி கூடாது என்று அம்மா பிடுங்கினால், "அது எண்ணெய்ல வெந்துதான வந்திருக்கு" என்று வாதாடுவாள்.

சேவு விஷயத்தில் சிரித்துக்கொண்டே சண்டை போட்டவள், சில நாட்களில் நிஜமாகவே எரிந்து விழுந்தாள். இரண்டாம் முறை நோய் திரும்பிய மாதம், கஞ்சிச் சொம்பைச் சுவரில் எறிந்தாள். "எம் முன்னாடி மெதுவாப் பேசாதீங்க" என்று கத்தினாள். அவளுக்குப் பொறுக்காதது அது ஒன்றுதான். வீட்டில் மற்றவர்கள் "அந்தச் சீக்கு" என்று குரலை இறக்கும்போது, அவள் வாடிக்கையாளர்கள் நிறைந்த கூடத்தில், "கேன்சரு, லிம்போமான்னு பேரு, எழுதிக்கிடுங்க" என்பாள்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அப்பா அவளை உள்ளேயே இருக்கச் சொன்னார். காபித் தட்டோடு அவளே வந்துவிட்டாள், தலையில் முடி இல்லாமல். "எனக்குக் கேன்சர். பரம்பரையா வர்ற வகை இல்லைன்னு டாக்டர்கிட்டக் கேட்டாச்சு. ஜாதகம் பார்த்த மாதிரி இதையும் பார்த்துக்கோங்க, பின்னால ஒரு பேச்சு வரக் கூடாது." அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அந்தச் சம்பந்தம்தான் அமைந்தது. என் மாமியார் கடைசி வரை அத்தையிடம்தான் ஜாக்கெட் தைத்துக்கொண்டார். கூலியில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லியும், அத்தை குறைத்ததே இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

உஷா மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். உட்கார்ந்தால் அத்தை ஞாபகம் விரலிலிருந்து ஆரம்பிக்கிறது.

அவளுக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். அது நரம்பைத் தொடும். நாலாவது ஊசிக்குள் அத்தைக்கு விரல் நுனி மரத்துவிட்டது. கொக்கி வைக்க முடியாது, நூல் கோக்க முடியாது. ஊசி குத்துவதே தெரியாமல் ஒரு கல்யாண ஜாக்கெட்டில் ரத்தப் பொட்டு விழுந்தது. தன் எச்சிலைத் தொட்டே அதை எடுத்தாள். தையல்காரிக்கு இதைவிட வேறென்ன போக வேண்டும்? இரண்டு நாள் மிஷின் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் கீழுதட்டில். எது பட்டு, எது கலப்பு, எந்தப் பக்கம் இழுத்தால் கொடுக்கும் என்பதெல்லாம் உதட்டுக்குத் தெரிந்தது. கொக்கியும் கைத்தையலும் என் தலையில் விழுந்தன. வெட்டுவது மட்டும் யாருக்கும் கிடையாது.

அந்த மருந்தோடு சேர்த்து ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை. ப்ரெட்னிசலோன். தூக்கம் வராது, அகோரப் பசி எடுக்கும், கை துறுதுறுக்கும். "தீவாளிக்கு முன்னால இந்த மாத்திரை விழுற மாதிரி தேதி குடுங்க" என்று டாக்டரிடமே கேட்டவள் அவள். அவர் சிரித்துவிட்டு, இருபத்தொரு நாள் கணக்கு தப்பாது என்றார். ஆனால் ஒரு வருஷம் தானாகவே அப்படி விழுந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு மிஷின் ஓடும் சத்தம். அம்மா கதவருகே நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீ போட்டுக் கொடுத்தாள். அந்தத் தீபாவளிக்கு ஒரு ஜாக்கெட்டும் பாக்கி நிற்கவில்லை.

வின்கிரிஸ்டின் எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று நர்சிடம் கேட்டிருக்கிறாள். நித்தியகல்யாணி. ஆடு மாடு வாய் வைக்காத, சுடுகாட்டு ஓரத்தில் தானாக முளைக்கிற செடி. நம் தெற்குச் சீமையில் மானாவாரியாகப் பயிரிட்டு, இலையையும் வேரையும் காயவைத்து மருந்துக் கம்பெனிகளுக்கு ஏற்றுகிறார்கள். இலை மூட்டை மூட்டையாகப் போனாலும் வருகிற மருந்து துளியூண்டுதான். 1963லேயே அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. "நம்ம காட்டுச் செடி, உலகம் சுத்திட்டு எங்கிட்டயே ஊசியா வருது பாரு" என்று ஒரு செடியைப் பிடுங்கி வந்து வாசலில் வைத்தாள். சுடுகாட்டுப் பூவை வீட்டில் வைப்பார்களா என்று தெருவே கேட்டது. சர்க்கரைக்கு நல்லதாமே என்று இலை பறிக்க வந்தவர்களையும் அவள்தான் விரட்டினாள். அந்தச் செடி நஞ்சு. மருந்தாவது ஆலையில் பிரித்து, அளந்து, சரியான ரத்தக் குழாயில் ஏற்றும்போதுதான்.

2022 ஆவணியில் நோய் குணம் மாறி வேகமெடுத்தது. இந்த வகையில் அப்படிச் சிலருக்கு ஆகும். வலிக்கு மார்பின் மாத்திரை கொடுத்தார்கள். "பழகிப்போயிரும்" என்று பயந்த சித்தப்பாவிடம், "பழகி எத்தன வருசம் இருக்கப் போறேன்?" என்றாள். வலி அடங்கிய மத்தியானங்களில் சுவரில் சாய்ந்தபடி துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தாள். கோடு நேராகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 16, ஆடிக் கடைசி வெள்ளி

இருக்கன்குடிக்குப் போய் வந்தோம். பஸ் நிற்க இடமில்லாத கூட்டம், திரும்பிய இடமெல்லாம் மொட்டைத் தலைகள். முதல் கீமோவில் அத்தைக்கு முடி கொட்டியபோது பஸ்ஸில் ஒரு பாட்டி, "இருக்கன்குடிக்காம்மா, திருச்செந்தூருக்கா?" என்று கேட்க, "இல்ல ஆச்சி, அடையாறுக்கு" என்றாளாம். பாட்டி அங்கே எந்த அம்மன் என்று கேட்டிருக்கிறாள்.

சாயந்தரம் ஒரு காலேஜ் பிள்ளை அளவு கொடுக்க வந்தது. நாடாவைக் கழுத்தில் சுற்றும்போது அத்தையின் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது தெரிந்தது. கழுத்து, கக்கம், மார்புச் சுற்று என்று நாடா போகிற வழியெல்லாம் அவள் கண்ணும் போகும். "நெறி கிறி ஏதும் இருக்காத்தா? எவ்ளோ நாளா?" என்று சாதாரணமாகக் கேட்பாள். டாக்டரிடம் சொல்லக் கூசுகிறவர்கள் தையல்காரியிடம் சொல்வார்கள். ஜாக்கெட் தைக்க வந்த மூன்று பேரை அவள் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது பெண்ணுக்கு மார்பில் இருந்தது, சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் இன்றைக்கும் என்னிடம்தான் தைக்கிறாள். அவளுக்கு வலது பக்கம் டார்ட் வேறு மாதிரி போட வேண்டும். அந்த அளவு அத்தை நோட்டிலேயே இருக்கிறது.

வலிக்காத நெறி கழுத்திலோ கக்கத்திலோ பல வாரம் கரையாமல் நின்றால், மாத்திரையை மாற்றி மாற்றிப் போடாமல், திசுப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். 30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகத்துக்கும் கருப்பைவாய்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதனை உண்டு, காசு கிடையாது. போய்விட்டு வாருங்கள், ஜாக்கெட் அப்புறம் தைக்கலாம்.