முதல் பெரிய ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா?

2024 அக்டோபர் 5, சனி. சான் அந்தோனியோ, டெக்சஸ்

ஏஆர்-10 வகையில் ஒரு ரைஃபிள் கட்டுவதென்று முடிவாகிவிட்டது. இந்த அளவில் அரைத் தானியங்கி எனக்கு இதுதான் முதல். பாகங்கள் வாங்குமுன் காலிபரைத் தீர்மானிக்க வேண்டும். குழலின் நீளம், உதைப்பு, தோட்டாச் செலவு எல்லாமே அதைப் பொறுத்தவை.

களத்தில் இருப்பவை இரண்டு: வின்செஸ்டர் 1952-இல் கொண்டுவந்த 308, ஹார்னடி 2007-இல் அறிமுகப்படுத்திய 6.5 கிரீட்மோர். 243, 260 ரெமிங்டன், 7எம்எம்-08 ஆகியவையும் நல்லவைதான். ஆனால் அரைத் தானியங்கிக்கு ஆயத்தக் குழல் தேடினால் தேர்வு சட்டெனச் சுருங்கிவிடுகிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

இரண்டு தோட்டாக்களையும் மேசையில் அருகருகே நிறுத்தினேன். அடிப்பகுதியின் விட்டம் ஒன்றேதான். அதனால் போல்ட்டும் மேகசினும் இரண்டுக்கும் பொதுவாகவே பொருந்துகின்றன. வேறுபாடு மேலே இருக்கிறது. 308-இன் தோள் 20 டிகிரியில் சரிகிறது. கிரீட்மோரின் தோள் 30 டிகிரியில் இன்னும் செங்குத்தாகச் சரிகிறது. கிரீட்மோரின் கூடு கொஞ்சம் குட்டை. அதனால் நீண்டு மெலிந்த குண்டையும் அதே மேகசினுக்குள் அடக்க முடிகிறது.

அக்டோபர் 12, சனி

சுடுதளத்தில் நண்பர்களின் ரைஃபிள்களை வாங்கி இரண்டையும் சுட்டுப் பார்த்தேன். கிரீட்மோரின் உதைப்பு தெளிவாகவே மென்மை. சுட்ட பிறகும் இலக்கு தொலைநோக்கியை விட்டு நகரவில்லை. அதன் 140 கிரெயின் குண்டு காற்றை எளிதாகக் கிழித்துச் செல்லும். 308-இன் 168 கிரெயின் குண்டு 1,000 கெஜத்தை நெருங்கும்போது ஒலியின் வேகத்துக்கு இறங்கித் தடுமாறும். அத்தனை தொலைவில் போட்டிக்குச் சுடுபவர் கிரீட்மோரை எடுப்பதே நியாயம். ஆனால் அதன் குழல் 308-இன் குழலைவிடச் சீக்கிரம் தேயும். முழு வேகத்தைப் பெற 22, 24 அங்குல நீளமும் வேண்டும்.

அக்டோபர் 13, ஞாயிறு

இந்த ரைஃபிளோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போக நினைத்திருக்கும் இடத்தைப் பார்க்க, ஹில் கன்ட்ரியில் தெரிந்தவர் ஒருவரின் பண்ணைக்குப் போனேன். காட்டுப்பன்றிகள் ஓடைக்கரையை ஏர் ஓட்டியதுபோலக் கிளறிப் போட்டிருந்தன. டெக்சஸில் 2019 செப்டம்பரிலிருந்து, தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்துடன் அவற்றை வேட்டையாட உரிமம் தேவையில்லை. பாறைமேட்டிலிருந்து பன்றிகள் வரும் தடம் 200 கெஜத்துக்குள்தான். அங்கே பக்கக் காற்றால் இரண்டு குண்டுகளும் விலகுவதில் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தை ஒட்டியே இருக்கும். கிரீட்மோரின் பெரிய பலம் இந்த மேட்டில் எனக்குப் பயன்படாது.

ஆண் பன்றியின் தோளில் தடித்த குருத்தெலும்புக் கவசம் உண்டு. அதைத் துளைத்து உயிர்நிலையை எட்ட 308-இன் 165 கிரெயின் வேட்டைக் குண்டு போதும். கிரீட்மோரின் நல்ல வேட்டைக் குண்டும் போதும். இனிக் கேள்வி, எதைக்கொண்டு நான் அதிகம் பழகுவேன் என்பதுதான். காயம்பட்ட விலங்கு புதருக்குள் போய்த் துடித்துச் சாகக் கூடாது. அதற்கு உத்தரவாதம் பழகிய கை.

அக்டோபர் 19, சனி

308 என்று முடிவு செய்தேன். ஏஆர்-10 முதலில் உற்பத்திக்கு வந்ததே 7.62 நேட்டோ தோட்டாவுக்காக. 308 அதற்கு மிக நெருக்கமானது. பயிற்சிக்கான மலிவுத் தோட்டா இதற்குத்தான் தாராளமாகக் கிடைக்கிறது. 18 அங்குலக் குழலிலும் வேகம் பெரிதாகக் குறையாது. புதருக்குள் தூக்கித் திரியவும் வசதி.

ஏஆர்-10 போன்ற பெரிய சட்டகத்தில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவு கிடையாது. டிபிஎம்எஸ் வடிவப் பாகமும் ஆர்மலைட் வடிவப் பாகமும் ஒன்றோடொன்று சேராது. எனவே எல்லாவற்றையும் டிபிஎம்எஸ் வடிவத்திலேயே வாங்குகிறேன். நாளை 1,000 கெஜத்தில் ஆசை பிறந்தால் கிரீட்மோர் குழல் ஒன்று வாங்கி மாற்றிக்கொள்ளலாம். அதுவரை, 200 கெஜத்தில் முதல் குண்டே சரியான இடத்தில் விழுமளவுக்கு 308-இல் பழக வேண்டும். அது கைவந்த பிறகுதான் பண்ணைக்குத் துப்பாக்கியோடு போவேன்.