திருப்பி வாங்கிய ஷூ

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் மனைவியோடு வீட்டுக்கு வந்திருந்தான். சேலத்தில் புது வீடு கட்டியிருக்கிறான். புதுமனை புகுவிழா பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுக் காலில் விழுந்தான். "சார்தானுங்க எனக்கு மொத வாத்தியார்" என்று மனைவியிடம் சொன்னான். எனக்குத் தொண்டை அடைத்தது. சந்தோஷத்தில் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அது முழு உண்மை இல்லை. அந்த உண்மையை எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்பது இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். 1993-ல் ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தேன். அப்போது ஒன்பதாம் வகுப்பில் படித்தவன் இவன். அப்பா சேகோ ஆலையில் மூட்டை தூக்கினார். பையன் ஒல்லி, கால் மட்டும் கொக்கு மாதிரி நீளம். ஒருநாள் பந்து எடுக்கப் போனவன், பள்ளியின் முள்வேலியை ஓடிவந்து அலட்சியமாகத் தாண்டினான். அன்றைக்கே பிடித்துக்கொண்டேன்.

காலை ஐந்தரைக்கு மைதானத்தில் இருப்பான். வீட்டிலிருந்து அவனுக்கு இரண்டு முட்டை கொண்டுபோவேன். அடுத்த வருடம் சம்பளப் பணத்தில் ஸ்பைக் ஷூ வாங்கிக் கொடுத்தேன். பத்தாம் வகுப்பில் மாவட்டப் போட்டியில் 1.70 மீட்டர் தாண்டி முதலிடம். ஊரே என்னைப் பாராட்டியது. பையனைவிட நான்தான் அதிகம் பூரித்துப்போனேன்.

அதற்குமேல் அவனுக்கு ஏறவில்லை. காரணம் எனக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் இருந்தது மணல் குழி. மணலில் காலால்தான் இறங்க முடியும். அதனால் கத்திரிக்கோல் மாதிரி ஒரு காலுக்குப் பின் மறுகாலை வீசித் தாண்டும் பழைய முறையைத்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்த முறையில் உடம்பு நிமிர்ந்தே இருக்கும். மொத்த உடம்பையும் கம்பிக்கு வெகு மேலே தூக்கியாக வேண்டும். 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி என்ற அமெரிக்கர் முதுகைக் கம்பிக்குக் காட்டி வளைந்து தாண்டி, 2.24 மீட்டரில் தங்கம் வாங்கினார். அதன் பிறகு உலகமே அந்த முறைக்கு மாறிவிட்டது. ஆனால் அதில் முதுகால் விழ வேண்டும். விழுவதற்குத் தடிமனான ஃபோம் மெத்தை வேண்டும். மணலில் விழுந்தால் கழுத்து போய்விடும். மெத்தையும் என்னிடம் இல்லை, அந்த முறையும் எனக்குச் சரியாகத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் விளையாட்டு விடுதித் தேர்வுக்கு வரச்சொல்லி அவன் பெயருக்கு ஒரு கடிதம் பள்ளிக்கு வந்தது. தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்தார். நான் அதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். நான்கு நாள். மறந்துபோய் வைத்தேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு நாளும் மறக்கவில்லை. பையனைக் கண்டுபிடித்தவன் நான், பெயர் வாங்கப்போவது வேறு ஒருவரா என்ற எண்ணம்தான்.

தேர்வுக்கு முதல் நாள் மதியம் எடுத்துக் கொடுத்தேன். அப்பாவும் மகனும் யாரிடமோ கடன் வாங்கி, அன்றிரவே பஸ் ஏறி, இருக்கை கிடைக்காமல் பாதி தூரம் நின்றுகொண்டே போய், விடிந்ததும் நேராக மைதானத்தில் இறங்கியிருக்கிறார்கள். பையன் மூன்று முறையும் கம்பியைத் தட்டிவிட்டான். திரும்பி வந்து, "கால் கனமா இருந்துச்சுங்க சார்" என்றான். என் மேல் அவனுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

பத்தாவது முடிந்ததும் அவனும் அப்பாவும் டி.சி. கேட்டு வந்தார்கள். சேலத்தில் ஒரு பயிற்சியாளர் இவனைப் பார்த்துவிட்டு, அங்கே ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அங்கே ஃபோம் மெத்தை உண்டு. "நான் போகட்டுங்களா சார்?" என்றான். நான் முகம் பார்க்காமல், "ஷூவைக் கொடுத்துட்டுப் போ" என்றேன். மறுநாள் கழுவித் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். நான் அதன் பிறகு ஆசிரியர் அறையில் பல நாள், "நன்றி கெட்ட பயல்" என்று சொல்லித் திரிந்தேன்.

இரண்டே வருடத்தில் புதிய முறையில் 1.90 தாண்டினான். பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலை கிடைத்தது.

நான் ஓய்வு பெற்ற பிறகு, 2014 செப்டம்பரில் சாய்னா நேவால் தன் பயிற்சியாளர் கோபிசந்தைப் பிரிந்து பெங்களூருக்கு விமல் குமாரிடம் போன செய்தி வந்தது. 2012-ல் லண்டன் ஒலிம்பிக் வெண்கலம் கோபிசந்திடம் பயிற்சி பெற்றபோதுதான் வந்தது. சாதாரண ஆளா கோபிசந்த்? 2001-ல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றவர், வீட்டை அடகு வைத்து அகாடமி கட்டியவர். அவரே அந்தப் பிரிவில் எவ்வளவு காயப்பட்டார் என்பதைப் பின்னால் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். படித்தபோது, நான் மட்டும் இப்படி இல்லை என்று ஒரு அற்ப ஆறுதல் வந்தது. ஆனால் சாய்னா போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. 2015-ல் உலகின் முதல் நிலை வீராங்கனை ஆனார். 2017-ல் அவர் திரும்பி வந்தபோது கோபிசந்த் கதவைச் சாத்தவும் இல்லை. மறு வருடம் காமன்வெல்த் போட்டியில், கோபிசந்தின் இன்னொரு மாணவியான சிந்துவையே இறுதி ஆட்டத்தில் வென்று சாய்னா தங்கம் வாங்கினார்.

இன்னொன்று நம் ஊர்க் கதை. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. அம்மா செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் வளர்த்தார். உயரம் தாண்டலாம் என்று வழிகாட்டியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்தான். பிறகு பெங்களூரில் சத்யநாராயணா என்ற பயிற்சியாளரிடம் போனார். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். ரியோவில் கொடி ஏறியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, எல்லோரும் மாரியப்பனைப் பார்த்தார்கள். நான் திரையில் இல்லாத அந்தப் பள்ளி ஆசிரியரை நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையை அடுத்த கைக்குக் கொடுப்பதும் எங்கள் வேலையில் ஒரு பாதி. அந்தப் பாதியை நான் செய்யவில்லை.

அந்த ஷூ இன்னும் பரணில் இருக்கிறது. வேறு பையனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. தூக்கிப் போடவும் முடியவில்லை. போன வாரம் அவன் கிளம்பும்போது எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று இரண்டு முறை எழுந்தேன். கடிதத்தைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்குமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "சார் என்னமோ கம்ப்யூட்டர்ல எழுதறீங்களாமா, எனக்கும் அனுப்புங்க, படிக்கிறேன்" என்றான். அனுப்புவதாகச் சொன்னேன்.

முதலில் இதைத்தான் அனுப்பப் போகிறேன். வரும் ஞாயிறு அவன் வீட்டு விசேஷம். ஷூவை எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன். இதைப் படித்த பிறகும் அவன், "வாங்க சார்" என்று கூப்பிட்டால் உள்ளே போவேன்.