இரவின் இறுதியில் புறப்பட்டவர்கள்

பனிமலையை நான் கண்ணால் கண்டவனல்லன். ஆயினும் பல்லாண்டுகளாக அதைப் பற்றிப் பாடம் சொல்லி வந்திருக்கிறேன். 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா இந்தியாவை நோக்கி வருகையில் இந்துகுஷ் மலையைக் கடந்த வரலாறு, அவருடைய அரபுப் பயண நூலில் வருகிறது. பனிக்கு அஞ்சி, மலைக்கு வடக்கே குந்தூஸ் பகுதியில் தங்கியிருந்தார். வெப்பம் நிலைபெற்ற பின்னரே புறப்பட்டார். இரவின் இறுதியில் தொடங்கி அந்திவரை நடந்தார்கள். ஒட்டகங்களின் கால்கள் பனியில் புதையாதிருக்க, அவற்றின் முன்னே கம்பளி விரிப்புகளை இட்டுச் சென்றார்கள்.

வெப்பம் வந்தபின் பனிக்கு அஞ்ச வேண்டியதில்லை என்றும், இருளில் புறப்பட்டது பாலைவனப் பயணிகளின் வழக்கமே என்றும் மாணவர்களுக்கு விளக்கி வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பழைய மாணவர் ஒருவர் இராணுவத்திலிருந்து விடுமுறையில் வந்தார். காஷ்மீரத்தின் உயர்மலைகளில் பணியாற்றியவர்.

“ஹஜ்ரத், தாங்கள் சொன்னதை நம்பித்தான் முதலாண்டு சித்திரை மாத நண்பகலில் ஒரு சரிவின் கீழே நிம்மதியாக நின்றேன். ஹவில்தார் தோளைப் பற்றி இழுத்துச் சென்றார். சற்று நேரத்தில் அவ்விடம் பனியால் மூடிப்போயிற்று” என்றார்.

எனக்கு நாவெழவில்லை. அவரே தொடர்ந்து விளக்கினார்.

குளிர்காலம் முழுவதும் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. வசந்தத்தில் பகல் வெயில் மேற்பனியை உருக்க, அந்நீர் உள்ளே கசிந்து அடுக்குகளின் பிடிப்பைத் தளர்த்துகிறது. வானம் தெளிந்த இரவில் மேற்பரப்பு மீண்டும் உறைந்து இறுகுகிறது. விடியலில் அதன்மீது கால் ஊன்றி நடக்கலாம். வெயில் ஏற ஏறக் கால் புதையும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் நனைந்த பனி பெயர்ந்து இறங்கும். முகில் மூடிய இரவாயின் பனி இறுகாது. அன்று விடியலையும் நம்பலாகாது. புதையுண்டவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தாலன்றி, பிழைக்கும் நம்பிக்கை விரைந்து குன்றும். சரிந்து நின்ற பனி அவ்வளவு கெட்டியாக இறுகிவிடும்.

குளிர்காலப் பனியும் கொடிதே. அதே இந்துகுஷ் மலையில், 1964இல் திறக்கப்பட்ட ஸாலங் சுரங்கப்பாதையை அடுத்த சாலையில், 2010 பிப்ரவரியில் புயலோடு சரிந்த பனி 160க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஆனால் புயலைக் கண்டால் மனிதன் அஞ்சி ஒதுங்குகிறான். இளவெயிலைக் கண்டாலோ மகிழ்ந்து நடக்கிறான்.

அப்பயணிகள் எதைக் கருதி இருளில் எழுந்தார்களோ, நான் அறியேன். விரிப்பு இட்டதன் காரணம் இப்போது தெளிவாகப் புரிகிறது. அடுத்த ஆண்டு அப்பாடம் வந்தபோது, இதுகாறும் தவறாகச் சொல்லி வந்தேன் என்று மாணவர்கள் முன் ஒப்புக்கொண்டுவிட்டே நூலைத் திறந்தேன்.