வடக்கு வெளிச்சம்

கடலில்லாத கொங்கு நாட்டில் பிறந்தவன் கடற்கரைச் சித்திரம் தீட்டப் புறப்படும்போது, பிறந்த ஊரையும் கண்ணுக்குள் வைத்துக்கொண்டே செல்கிறான் என்பதை உணர எனக்கு வெகுகாலம் ஆயிற்று. சிங்காநல்லூரில், மில் சங்கைக் கேட்டே பொழுதறிந்து வளர்ந்தவன் நான். 1888-இல் ஸ்டேன்ஸ் மில்லோடு தொடங்கி, 1930-களில் பைக்காராவின் மின்சாரம் வந்தபின் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிய பஞ்சாலைகளே எங்கள் அடிவானம். ஆயினும் பேரூர்க் கோயிலின் சிற்பத்தூண்களும் வெள்ளியங்கிரிச் சாரலுமே சித்திரத்துக்கு உகந்த விஷயங்கள் என்றும், ஆலை பிழைப்புக்கென ஏற்பட்ட ஸ்தலம் என்றும் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தோடுதான் தூத்துக்குடிக்கு முதன்முறை வண்ணப்பெட்டியைச் சுமந்து சென்றேன். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளை விலக்கிவிட்டு, கடலையும் மணலையும் உப்பளத்தையும் மட்டும் நீர்வண்ணத்தில் தீட்டினேன். சாயங்காலம் அறைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்தபோது குற்றமென்று ஒன்றும் தென்படவில்லை. ஆனால் ஜீவன் இல்லை. கடல் கிடக்கிறது, மணல் கிடக்கிறது, பாத்தி கிடக்கிறது. கிடப்பனவற்றின் நடுவே நிற்பது ஒன்றேனும் இல்லாமையால், அந்த விஸ்தாரத்தை அளக்கக் கண்ணுக்கு ஒரு கோல் அகப்படவில்லை. மறுநாள் விடியலில் புகைபோக்கியையும், பாத்தி நீரில் தலைகீழாக நீண்டு நடுங்கிய அதன் பிம்பத்தையும் சேர்த்தெழுதினேன். கடல் அன்றுதான் அகன்றது. கறுப்பு வண்ணத்தைத் தொடாமல், அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னாவைக் குழைத்து ஈரக் காகிதத்தில் விட்டபோது, உப்புக்காற்றில் மங்கிய கான்கிரீட்டின் சாம்பல் நிறம் கனிந்து வந்தது. 1872-இல் பிரான்ஸின் லெ ஆவ்ர் துறைமுகத்து உதயத்தைத் தீட்டிய மோனே, பாரந்தூக்கிகளையும் ஆலைப்புகையையும் பனியோடு பனியாக ஏற்றுக்கொண்டதன் நியாயம் அப்போது எனக்கு விளங்கிற்று.

ஊர் திரும்பியதும் ஆலையையே நாடிப் போனேன். ரம்பப் பற்களைப்போல் வரிசையாக எழும் அந்தக் கூரையின் சரிவு தெற்கே பார்த்தது; செங்குத்தான கண்ணாடி வடக்கே பார்த்தது. நிழலும் கூச்சமும் இல்லாத சமமான ஒளியில்தான் அறுந்த இழை கண்ணுக்குப் புலப்படும் என்பதற்காக அமைந்த ஏற்பாடு அது. சித்திரக்காரனும் தன் அறைக்கு வடக்கு ஜன்னலைத் தேடுவது இதே காரணத்தால் அல்லவா? ஆனால் நம் அட்சரேகையில், சித்திரை தொடங்கி ஆடி முடிய உச்சிச் சூரியன் வடக்கே ஒதுங்குவதால், அந்தக் கண்ணாடி வழியே வெயிற்கீற்றொன்று உள்ளே இறங்கும். அதில் பஞ்சுத்தூசி பொன்னாய் மிதக்கும். தொழிலாளியின் நெஞ்சை அடைப்பதும் அதே தூசிதான். அழகு அந்தக் கேட்டை மன்னித்துவிடாது. இரண்டையும் ஒருசேரக் காட்டாத தூரிகை இரண்டுக்கும் துரோகம் செய்கிறது.

பின்னர் மீண்டும் தூத்துக்குடி சென்றபோது, வரப்பின்மேல் வரிசையாகக் குவிந்திருந்த உப்பம்பாரங்கள், வானத்தை எதிர்த்து அதே ரம்பப் பற்களாக நின்றன. ஆலைக் கண்ணாடியின் ஒளியை எழுத எந்த வண்ணமும் உதவாமல் காகிதத்தின் வெண்மையைத் தீண்டாது விட்டுப் பழகியிருந்த கை, உப்பையும் அவ்வாறே விட்டுவைத்தது.