ஸ்கோர் புத்தகத்தில் எழுதப்படாத கெட்ச்சுகள்

போன கிழமை பாடசாலை அலுமாரியைத் துப்புரவு செய்யும்போது எங்கள் 15 வயதுக்குட்பட்ட அணியின் பழைய ஸ்கோர் புத்தகம் ஒன்று கையில் பட்டது. கல்வியியற் கல்லூரி முடித்து முதல் நியமனத்தில் வந்த காலம் அது. விளையாட்டுக்கு ஆளில்லை என்று அதையும் என் தலையில் கட்டியிருந்தார்கள்.

ஒரு பக்கத்தில் ஒரு லெக் ஸ்பின் பையனின் பெயர். 8 ஓவர், 41 ஓட்டம், விக்கெட் இல்லை. என் கையெழுத்துத்தான். அடுத்த பக்கத்தில் அடுத்த மெச். அதில் அவன் பெயர் இல்லை.

அந்தப் பின்னேரம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாவிக்கரை மைதானம், கச்சான் காத்து, மேற்கே பார்த்தால் வெயில் கண்ணைக் குத்தும். முதல் இரண்டு ஓவரில் எட்ஜ் எடுத்து மூன்று பந்து ஸ்லிப்புக்குப் போனது. மூன்றும் நிலத்தில். ஸ்லிப்பில் யார்? ஓட ஏலாத பையன் என்று நான் நிறுத்தி வைத்தவன். நம்மட பாடசாலைகளில் இது ஒரு பழக்கம்: ஓட ஏலாதவனுக்கு ஸ்லிப். நிறுத்தியது நான், பழி பந்து போட்டவனுக்கு.

இப்போது யோசித்தால் இன்னொன்றும் விளங்குகிறது. மூன்றாவது கெட்ச் விழுந்த பிறகு அவன் பந்தைத் தூக்கிப் போடுவதையே விட்டுவிட்டான். எட்ஜ் எடுத்து என்ன பயன், நேராக ஸ்டம்புக்குப் போடுவோம் என்று வேகமாகவும் தட்டையாகவும் போட்டான். அடி விழுந்தது. கெட்ச் விட்டதில் போனது மூன்று விக்கெட் மட்டுமில்லை, அவனுடைய பந்துவீச்சே மாறிப்போனது.

முரளியை எடுங்கள். 2010 ஜூலை 22, காலி மைதானம். 800ஆவது விக்கெட், இந்தியாவின் கடைசி ஆள் ஓஜா. ஸ்லிப்பில் பிடித்தவர் மஹேல ஜயவர்தன. ‘பிடி ஜயவர்தன, பந்து முரளிதரன்’ என்று டெஸ்ட் கிரிக்கெட்டில் 77 தடவை எழுதப்பட்டிருக்கிறது. விக்கெட் காப்பாளர்களை விட்டுப் பார்த்தால் வேறெந்தச் சோடிக்கும் இத்தனை இல்லை. அந்த 77இல் பாதி நிலத்தில் விழுந்திருந்தால்? 800 வந்திருக்காது என்பது ஒரு பக்கம். முரளி அப்படி ஆசை காட்டித் தூக்கிப் போட்டிருப்பாரா என்பதுதான் என் கேள்வி. (மஹேலவுக்கும் முரளி மாதிரி ஒருவர் இருந்ததால்தான் அத்தனை பந்து கைக்கு வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.)

அமெரிக்கன் புட்போலில் இதை இன்னும் தெளிவாகக் காணலாம். அங்கே குவார்ட்டர்பெக் பந்தை எறிவார், ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிப்பார். டொம் பிரேடி 2006இல் எறிந்து எடுத்த டச்டவுன் 24. அடுத்த வருடம் ரெண்டி மொஸ் அணிக்கு வந்தார். 50! அதில் 23 மொஸ் பிடித்தது. அதே கை, அதே மனிசன். மொஸ் வருமுன்பே பிரேடி மூன்று தரம் சம்பியன் என்பதும் உண்மை. சாதாரணப் பிடிகாரர்களை வைத்தும் வெல்ல ஏலும். ஆனால் அதற்கு எறிபவரை நம்பித் தொடர்ந்து எறிய விட்ட ஒருவர் வேண்டும். நான் அந்தப் பையனுக்கு ஒரு மெச்தான் கொடுத்தேன்.

இப்போது எங்கள் ஸ்கோர் புத்தகத்தில் விட்ட கெட்ச்சுக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்லிப்புக்கு அணியிலேயே நல்ல கை. பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள், ஓடி விளையாட வேண்டுமாம்.

முந்தாநாள் அஸர் தொழுதுவிட்டு வரும்போது அவனைக் கண்டேன். ஹாட்வெயார் கடையில் நிற்கிறான், தாடி வைத்திருக்கிறான். புத்தகம் கிடைத்ததைச் சொல்லி, “அண்டைக்கு உன்ட பந்துக்கு மூணு கெட்ச் விட்டாங்க தம்பி, நான் அதப் பாக்காம உன்ன நிப்பாட்டிட்டன், மன்னிச்சுக்க” என்றேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவன் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மூணில்ல சேர், நாலு. கீப்பர் விட்டத நீங்க காணல்ல.”