கண்ணேறா? காரணமா?

வாடிப்பட்டியிலே, பெரியாற்றுக் கால்வாய் நீர் பாயும் வயல்களின் நடுவே உள்ளது எமது வீடு. இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே கட்டப்பட வேண்டிய தொட்டிலொன்று கட்டப்படாமலே போயிற்று.

அக்காவுக்கு அப்போது எட்டாம் மாதம். முகமும் கையும் வீங்கின, தலைவலி விடவில்லை, பார்வை மங்கிற்று. "ஊர்க்கண் பட்டுவிட்டது" என்றார் அப்பத்தா. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பிலே போட்டார். மிளகாய் வெடித்தது, நோய் விலகவில்லை. இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மருத்துவமனைக்கு ஓடினோம். அக்கா பிழைத்தார், குழந்தை பிழைக்கவில்லை.

அப்பத்தா கொடியவரா? அல்லர், அன்பே உருவானவர். படித்த நாம் அருகிலேதான் நின்றோம், வாய் திறக்கவில்லை. குற்றம் யாருடையது?

அது கண்ணேறு அன்று, இரத்தக் கொதிப்பு. கருவுற்றவளுக்கு 140/90 என்ற அளவைத் தொட்டாலே எச்சரிக்கை. கையிலே பட்டை கட்டிச் சில நிமிடங்களில் அறியலாம். வீக்கம், விடாத தலைவலி, பார்வை மங்கல், உதிரப் போக்கு, வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைதல் – இவற்றில் ஒன்று கண்டாலும் பூசாரியைத் தேடாதீர், 108-ஐ அழையுங்கள்.

"இரும்புச்சத்து மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்கும்" என்பர். கறுப்பைப் பழிப்பதே ஒரு மடமை. அதன்மேல் இது இன்னொரு மடமை! நான்காம் மாதம் முதல் நாளுக்கொன்றாக 180 நாள் உண்ண வேண்டிய மாத்திரை அது. இரத்தச் சோகை நீங்கும்; பிள்ளை எடை குறைந்து பிறக்கும் அபாயம் குறையும். முச்சந்தியில் நசுக்கும் எலுமிச்சையைப் பிழிந்து குடியுங்கள். இரும்பு உடலில் நன்கு சேரும்.

கன்று ஈன்றதும் மடியில் முட்டவிடும் உழவர் வீட்டிலேயே, பிள்ளைக்குச் சீம்பாலை மறுத்துச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறார்களே, இது முறையா? பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால். ஆறு மாதம் வரை அது மட்டுமே. தொப்புளில் சாம்பலும் வேண்டாம், சாணமும் வேண்டாம். பச்சிளம் குழந்தைகளைக் கொன்ற இசிவு நோய் இந்தியாவில் ஒழிக்கப்பட்டதென 2015-இல் அறிவிக்கப்பட்டது. ஒழித்தது மந்திரமா? தடுப்பூசியும் தூய்மையான மகப்பேறும் அல்லவா!

பட்டம் பெற்றோரும் தப்பவில்லை. சோதிடர் குறித்த நாழிகைக்கு வயிற்றை அறுக்கச் சொல்கிறார்கள். தேவையின்றி 39 வாரத்திற்கு முன்பே எடுத்த பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறதே, அதற்கு எந்த நட்சத்திரம் பொறுப்பு?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் மகப்பேறு உதவித் திட்டம் 1987-இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. உதவி வந்தது, ஊட்டமும் மருந்தும் உள்ளே போக, வீட்டு மடமை வெளியேற வேண்டாமா?

அக்கா மறுமுறை கருவுற்றபோது கிராமச் செவிலியர் வந்தார். "கொதிப்பு எவ்வளவு, தாயி?" என்று முதலில் கேட்டவர் அப்பத்தா. அந்தப் பிள்ளை இன்று பள்ளிக்குப் போகிறாள்.

முதியவர் மாறுவர், தோழர்களே! இளையவர் வாய் திறந்தால்.