கழுத்துக்குள் ஒரு முக்கொம்பு



திருச்சிராப்பள்ளிக்கு வருவோர் பலரும் முக்கொம்பைக் கண்டு செல்வதுண்டு. மேற்கிலிருந்து அகன்று வரும் காவிரி அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயருடனேயே ஓடுகிறது, வடகிளை கொள்ளிடமாகிறது. இரண்டிற்கும் நடுவே திருவரங்கம் தீவாக நிற்கிறது. முற்காலத்தில் காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டு, நீரெல்லாம் கொள்ளிடத்தில் வடிந்து, தஞ்சை வயல்கள் நீருக்கு ஏங்கின. அதற்குப் பரிகாரமாகவே 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் அங்கே மேலணையை எழுப்பினார்.

நம் ஒவ்வொருவர் கழுத்திலும் இப்படியொரு முக்கொம்பு இருக்கிறது. வலமும் இடமுமாகக் கழுத்தில் ஏறிச் செல்லும் பெரிய இரத்தக் குழாய், குரல்வளையின் மேல் விளிம்பை ஒட்டி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்திற்கும், மறு கிளை மூளைக்கும் கண்ணிற்கும் இரத்தம் கொண்டு செல்கிறது. மருத்துவர்கள் இதனைக் 'கரோட்டிட்' தமனி என்பர். அரபு மருத்துவத்தில் இதன் பெயர் 'சுபாத்தீ'. 'அந்நபஉ' அத்தியாயத்தை ஓதும் நம் பிள்ளைகளுக்கு 'சுபாத்' என்ற சொல் தெரிந்திருக்கும். உறக்கத்தையும் மயக்கத்தையும் குறிக்கும் சொல் அது. கிரேக்கப் பெயரின் வேரும் மயக்கத்தையே சுட்டுகிறது. இக்குழாயை அழுத்தினால் மனிதன் உணர்விழப்பான் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்.

ஆறு பிரியுமிடத்தில் மணல் படிவது போல, குழாய் பிரியுமிடத்தில்தான் கொழுப்பும் சுண்ணமும் படிகின்றன. அங்கே சுவரோரமாக ஓட்டம் தளர்ந்து சுழல்வதே காரணம். புகை பிடித்தல், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மிகுந்த கொழுப்பு ஆகியவை அந்தப் படிவை விரைவில் வளர்க்கின்றன. படிவு வெடித்து அதன் துணுக்கோ, அதன்மேல் உறைந்த இரத்தக் கட்டியோ மூளைக்குள் சென்று அடைத்தால், அதுவே பக்கவாதம்.

இவற்றை நான் அறிய நேர்ந்தது என் பெரியத்தாவினால். பாலக்கரையில் வசிக்கும் அவர், ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது வலக்கை தளர்ந்து குவளையை நழுவ விட்டார். பேச முயன்றார், சொல் வரவில்லை. பத்து நிமிடங்களில் எல்லாம் சரியாயிற்று. "களைப்புத்தான்" என்றார் ஒருவர். "கண்ணேறு, தண்ணீர் ஓதிக் கொடுங்கள்" என்றார் இன்னொருவர். பெரியத்தாவின் மகள் மட்டும் இசையவில்லை. "ஓதிய தண்ணீரையும் குடியுங்கள் அத்தா, ஆட்டோவிலும் ஏறுங்கள்" என்று அன்று மாலையே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். தானே சரியாகிவிடும் இத்தகைய சிறு தாக்குதல், பெரும் பக்கவாதத்தின் முன்னறிவிப்பு என்பதை மருத்துவர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

கழுத்தை ஸ்கேன் செய்தவர் திருவரங்கத்தைச் சேர்ந்த ஒரு பெண் மருத்துவர். முக்கொம்பு உவமையும் அவர் கூறியதே. தோளின் கீழ் சிறு தலையணை வைத்து, கழுத்தில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, கைக்கடக்கமான கருவியை மெல்ல நகர்த்தினார். நம் செவிக்கு எட்டாத ஒலியலைகள் உள்ளே சென்று, குழாயின் சுவரில் பட்டுத் திரும்பிப் படமாகின்றன. ஊசியில்லை, வலியில்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. திரையில் குழாயின் சுவர் இரு மெல்லிய கோடுகளாகத் தெரிந்தது. அக்கோடுகளுக்கு இடைப்பட்ட தடிமனையே அளக்கிறார்கள். இம்முறையை 1986-இல் உலகிற்கு எடுத்துரைத்தவர் இத்தாலியரான பவுலோ பிக்னோலியும் அவர்தம் குழுவினரும் ஆவர்.

சென்னையில் நடந்த ஆய்வொன்று 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நீரிழிவு இல்லாதோரிடம் இத்தடிமன் சராசரியாக 0.74 மில்லிமீட்டர்; நீரிழிவு உடையோரிடம் 0.95 மில்லிமீட்டர். சீனி நோய் இல்லாத வீடு அரிதாகிவிட்ட நம் மக்கள் சிந்திக்க வேண்டிய கணக்கு இது! தடிமன் ஓரிடத்தில் 1.5 மில்லிமீட்டரைத் தாண்டினால், அல்லது சுவர் அரை மில்லிமீட்டர் அளவிற்கு உட்புறம் புடைத்தால், அதனைப் படிவு என்றே கொள்கின்றனர்.

அடைப்பின் அளவை இரத்தத்தின் வேகம் காட்டிக் கொடுக்கிறது. மதகு குறுகினால் நீர் சீறிப் பாய்வதில்லையா? அதுபோலவே. நொடிக்கு 125 சென்டிமீட்டருக்குள் ஓட வேண்டிய இரத்தம் 230-ஐத் தாண்டினால், அடைப்பு நூற்றுக்கு எழுபதை எட்டியதாக மதிப்பிடுகின்றனர். பெரியத்தாவின் இடப்பக்கக் குழாயில் அது 280 ஆக இருந்தது. மூளையின் இடப்புறமே பெரும்பாலோர்க்குப் பேச்சையும் வலக்கையையும் ஆள்கிறது என்பதால், நடந்ததன் பொருள் விளங்கிற்று.

"அறுவை செய்து படிவை அகற்ற வேண்டும், இரண்டு வாரத்திற்குள் செய்வது நல்லது" என்றனர். பெரியத்தா மறுத்தார். "தக்தீரில் உள்ளது நடக்கும், தம்பி. இந்த வயதில் கழுத்தில் கத்தி எதற்கு?" என்றார். மதரஸாவில் தக்தீர் பாடம் நடத்துகிறவன் என்பதால் விடை கூறும் பொறுப்பு என்மீது விழுந்தது. "பெரியத்தா, நோய் தக்தீரில் உள்ளதென்றால் மருந்தும் தக்தீரில் உள்ளதுதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத் அல்லவா நாம்?" என்றேன். பின்னர் மருத்துவர் கணக்கையும் மறைக்காமல் எடுத்துரைத்தார். 1991-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், இத்தகைய அறிகுறியும் கடும் அடைப்பும் உடையோரில், மருந்து மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 26 பேரை இரண்டாண்டுகளுக்குள் அதே பக்கத்து மூளைத் தாக்குதல் பற்றியது. அறுவை சிகிச்சையும் பெற்றவர்களுள் 9 பேரையே பற்றியது. இன்றைய மருந்துகள் அன்றையவற்றினும் மேம்பட்டவை. அறுவையிலும் ஆபத்து உண்டு. இரண்டையும் கேட்ட பெரியத்தா இரவு முழுதும் யோசித்து, இஸ்திகாரா தொழுது, காலையில் சம்மதித்தார். பதினொன்றாம் நாள் குழாய் தூர்வாரப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ்! இன்று பஜ்ருக்கு நடந்தே வருகிறார்.

இதைப் படித்தவுடன் வீட்டிலுள்ள அனைவரும் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். அறிகுறி ஏதுமில்லாப் பொதுமக்களுக்குக் கழுத்து அடைப்புச் சோதனை தேவையில்லை என அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2014-இலும் மீண்டும் 2021-இலும் அறிவித்துள்ளது. தேவையற்ற சோதனை, தேவையற்ற கத்திக்கு வழி வகுக்கும். ஆனால் முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போல் பார்வை மறைந்தாலோ, அது ஐந்து நிமிடத்தில் நீங்கிவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சகோதரிகள் சிலர் கேட்கக்கூடும் ஐயங்கள்: இச்சோதனைக்குக் கழுத்தை மட்டும் திறந்தால் போதும், பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறலாம். உடலுக்குள் எதுவும் செலுத்தப்படாததால் நோன்பு முறியாது. ஜெல்லினால் உளூ முறியாது. ஆயினும் உளூச் செய்யுமுன் அதனைக் கழுவிவிடுங்கள்.

அணை கட்டினாலும் மணலை அள்ளாவிட்டால் ஆறு மேடிடும். ஆகவே பீடியையும் சிகரெட்டையும் இன்றே விடுங்கள். பிரியாணிச் சட்டியில் நெய்யைக் குறையுங்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தவறாது அளந்து கொள்ளுங்கள். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைப் பேணும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அவன் அருள்வானாக! ஆமீன்.